குப்பை நோட்டும் தாத்தாவின் கைலியும்

தீபாவளி முடிந்த அடுத்த சனிக்கிழமை. காலை வகுப்புக்கு மற்ற பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. அவள் மட்டும் முன்னதாகவே வந்து, இரண்டு பெரிய பிளாஸ்டிக் பைகளை வெட்டுமேசை மேல் வைத்தாள். உள்ளே குர்த்தாக்கள். எண்ணிப் பார்த்தேன். 17 இருந்தன.

"இருபத்து நாலு தைச்சேன் டீச்சர். ஏழுதான் போச்சு" என்றாள்.

மூன்றாண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அவளுக்கு அப்போது 24 வயது. வாரநாட்களில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை, சனிக்கிழமைகளில் என்னிடம் தையல். கை சுத்தமான பிள்ளை. ஓரம் மடித்துத் தைத்தால் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஓராண்டு சேமிப்பில் 2,800 வெள்ளியை எடுத்துத் துணி வாங்கி, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தோழியோடு சேர்ந்து தீபாவளிக்குக் கடை போட்டிருந்தாள். கடை போட்ட இரண்டாம் நாளே தெரிந்துவிட்டதாம். அவள் தைத்த அதே கழுத்து, அதே கை, அதே மாம்பழ மஞ்சள், நாலு கடை தள்ளி ரெடிமேடாகத் தொங்கியது. அவள் சொன்ன விலையில் பாதிதான் அங்கே.

"என்னோடது நல்ல துணி, நல்ல தையல்னு எல்லார்கிட்டயும் சொன்னேன் டீச்சர். தொட்டுப் பார்த்துட்டு, 'அங்க இதே மாதிரி இருக்கே'ன்னு போயிட்டாங்க."

"டிசைன் எங்கிருந்து எடுத்தே?"

கைப்பேசியை நீட்டினாள். சேமித்து வைத்த படங்கள் 1,400க்கும் மேல். எல்லாமே உடைகள். எல்லாமே அழகுதான். யார் தைத்தது, எந்த ஊர், எதற்காக இது பிடித்தது என்று ஒரு படத்தைக் காட்டிக் கேட்டேன். தெரியவில்லை. அடுத்த படம். அதற்கும் தெரியவில்லை.

"எனக்குச் சொந்தமா ஒண்ணும் தோணல டீச்சர். சிலருக்குத்தான் அது வரும்போல. நான் ஆல்ட்டரேஷன் மட்டும் பண்ணிக்கிட்டு இருந்துடறேன்."

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு. கடை திறந்த புதிதில் ஒரு மணப்பெண்ணின் தாயார் ஒரு படத்தைக் கொண்டுவந்து, "அப்படியே வேணும்" என்றார். அப்படியே தைத்தேன். ரவிக்கைக் கையில் மூன்றடுக்கு மடிப்பு, ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் மணி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரவேற்பு மண்டபத்தில் ஒரு பெண்மணி என்னிடம் வந்து, நான்தானே தைத்தது என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். "நல்லா தைச்சிருக்கீங்க. அந்தக் கைக்கு நான் மூணு ராத்திரி உக்காந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். அவரும் ஒரு தையற்காரர். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

அந்த வாரம் வாங்கியதுதான் என் முதல் நோட்டு. அதைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டிசைன் படிப்பவர்கள் இதை விஷுவல் டைரி என்பார்கள். காட்சிக் குறிப்பேடு என்று நாம் சொல்லலாம். நாம் பார்த்த ஒன்றை வரைந்தோ, ஒட்டியோ, தைத்தோ வைத்து, பக்கத்திலேயே நாலு வரி எழுதி வைக்கும் நோட்டு. முடிந்த உடையின் அழகான படம் இதில் வேண்டியதில்லை. அந்த உடைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்ற வழி முழுவதும் இதில் இருக்க வேண்டும், தப்பிப்போன திருப்பங்கள் உட்பட. டிசைன் கல்லூரி நேர்காணல்களில் தைத்து முடித்த உடையோடு இந்த நோட்டையும் புரட்டிப் பார்ப்பது இதனால்தான். உடையை வேறொருவர் தைத்துக் கொடுத்துவிடலாம். யோசித்ததை வேறொருவர் யோசித்துக் கொடுக்க முடியாது.

அன்று அவளுக்கு நான் சொன்ன விதிகளை அப்படியே தருகிறேன்.

கோடு போடாத நோட்டு. தாள் தடிமனாக இருக்க வேண்டும், பசை தடவினால் நெளியக்கூடாது. கைப்பையில் நுழையும் அளவு போதும், பெரிதாக இருந்தால் வீட்டிலேயே கிடக்கும். இடப்பக்கத்தில் பார்த்தது. வலப்பக்கம் காலி. அந்தக் காலி இடம் பிறகு வேலைக்கு வரும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், பிறகு ஒரு கேள்விக்குப் பதில்: இதில் என் கண் எங்கே நின்றது? "அழகாக இருந்தது" என்று எழுதக்கூடாது. எது, எந்த மூலை, எந்த இரண்டு நிறம் சேர்ந்த இடம் என்று எழுத வேண்டும். பிறர் செய்த பொருள் என்றால் செய்தவர் யார் என்பதையும் கேட்டு எழுத வேண்டும்.

கடைசி விதி அவளைத் திகைக்க வைத்தது. முதல் இரண்டு மாதம் உடைப் படம் ஒன்றுகூட அந்த நோட்டில் வரக்கூடாது.

"துணி தைக்கிறவ நோட்டுல துணியே இல்லாம எப்படி டீச்சர்?"

"துணித் துண்டு ஒட்டலாம். அடுத்தவங்க தைச்சு முடிச்ச உடுப்புதான் வேணாம்."

கைப்பேசி இருக்கும்போது நோட்டு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கைப்பேசியில் படம் எடுங்கள், தப்பில்லை. அது சந்தைக்குக் கொண்டுபோகும் பை மாதிரி. பையிலேயே காய்கறியை விட்டுவைத்தால் சமையல் ஆகாது. வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, எடுத்த படங்களில் இரண்டை மட்டும் சின்னதாக அச்சிட்டு ஒட்டுங்கள். மற்றவற்றை விடுங்கள். நூறில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் நமக்கு எது பிடிக்கிறது என்பது நமக்கே தெரிய வருகிறது. வரையத் தெரியாது என்பவர்களும் வரையுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் வரைவதற்கு அந்தப் பொருளை ஐந்து நிமிடமாவது பார்த்தாக வேண்டும். படம் எடுக்க ஒரு நொடி போதும், அந்த ஒரு நொடியில் பொருளைப் பார்க்கத் தேவையே இல்லை.

என் நோட்டில் இருந்து ஓர் உதாரணம் காட்டினேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால் மரத்துப் பட்டையில் விழும் வெட்டுக்கோடு தெரியும். மரத்தைப் பாதி சுற்றிச் சாய்வாக இறங்கும் ஒரு கோடு. பால் வழிந்து கோப்பைக்கு வருவதற்காக ஏறத்தாழ 30 பாகை சாய்வில் வெட்டுவார்கள். நாள்தோறும் அதே கோட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய பட்டையாகச் சீவிச் சீவி வருவதால், பழைய சீவல்களின் தடம் வரிவரியாக மேலே நிற்கும். அதைப் பென்சிலால் வரைந்து, "கோடுகள் ஒரே சாய்வு, ஆனால் இடைவெளி ஒன்றல்ல. கை வேலை என்று காட்டுவது அந்த இடைவெளிதான்" என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டு ஆண்டு கழித்து வலப்பக்கத்தில் அது ஒரு ரவிக்கையின் முன்பக்கமாக மாறியது. சாய்வாக ஓடும் பின் டக் வரிகள், வேண்டுமென்றே ஒன்றுபோல் இல்லாத இடைவெளியில். அதைப் பார்த்து ரப்பர் மரம் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஆனால் அந்த முன்பக்கம் வேறு எந்தக் கடையிலும் தொங்கவில்லை.

இந்த இடத்தில் பெரிய வடிவமைப்பாளர்கள் இருவரைச் சொல்ல வேண்டும்.

பிரான்சின் ஈவ் செய்ன் லோரான் 1965ஆம் ஆண்டு ஓவியர் மொந்திரியானின் ஓவியங்களை வைத்துச் செய்த உடைகள் உலகப் புகழ் பெற்றவை. வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடுகள், நடுவே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். ஓவியத்தைத் துணியில் அச்சடித்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனித் துணியாக வெட்டி இணைத்தார். உடம்புக்கு ஏற்றபடி துணியை வளைக்கும் இணைப்புகளைக் கட்டங்களின் ஓரத்திலேயே மறைத்தார். தட்டையான ஓவியத்தின் கோடு, உடையில் தையல் செய்யும் வேலையைச் செய்தது. பார்த்ததை அப்படியே ஒட்டாமல், அதைத் தையலாக மாற்றினார்.

இன்னொருவர் ஜப்பானின் யோஜி யமமோட்டோ. அவரைப்பற்றி விம் வெண்டர்ஸ் 1989ஆம் ஆண்டு ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் யமமோட்டோ ஒரு புத்தகத்தைப் புரட்டுவார். ஜெர்மனியின் ஆகஸ்ட் சாண்டர் எடுத்த புகைப்படங்கள் அவை. விவசாயிகள், தொழிலாளிகள், தெருவில் வேலை செய்பவர்கள். அவர்கள் யாரும் அலங்கார உடை அணிந்தவர்கள் இல்லை. அவரவர் பிழைப்புக்கு ஏற்ற உடையில், அதுவே தங்கள் தோல் என்பதுபோல் நிற்பார்கள். புதிய உடை செய்கிறவர் அந்தப் பழைய முகங்களிடம் போய் உட்காருகிறார். அவளிடம் அந்தக் காட்சியைச் சொல்லி, "உன் வீட்டுல அப்படி யார் இருந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

முதல் மூன்று வாரம் நோட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பசார் மாலாம் கூடாரத்து நீலமும் ஆரஞ்சும், குவே லாப்பிஸின் அடுக்கு நிறங்கள், பழைய கடைவீட்டு அஞ்சடியில் உடைந்து கிடந்த தரை ஓடு. எழுதியதெல்லாம் "நைஸ்". அதை அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். வீட்டில் வேறு சிக்கல். அவள் பாட்டி அதற்கு "குப்பை நோட்டு" என்று பெயர் வைத்துவிட்டார். பேருந்துச் சீட்டு, வாழைச்சருகு, சாக்லேட் தாள் எல்லாம் ஒட்டிய நோட்டை வேறென்ன சொல்வது? ஒருநாள் பழைய நாளிதழ்க் கட்டோடு சேர்த்து வெளியே போட்டே விட்டார். அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். நல்ல வேளை, மழை இல்லை.

நான்காவது வாரம் அவள் கொண்டுவந்த பக்கத்தில் ஒரு கைலி இருந்தது. கைலியே ஒட்டப்படவில்லை. அதன் கட்டங்களை வரைந்து வர்ணம் தீட்டியிருந்தாள். இறந்துபோன தாத்தாவின் கைலி. பாட்டி அதை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார். கரும்பச்சை, மெரூன், வெள்ளை என்று மூன்று நிறம்.

"சரியாவே வரல டீச்சர். மூணு கலரையும் அப்படியே தீட்டினேன். ஆனா தாத்தா கைலி மாதிரி இல்ல, சட்டிப் பெயிண்ட் மாதிரி இருக்கு."

மறுபடி போய்ப் பார்க்கச் சொன்னேன். ஒரு குண்டூசியை வைத்து நூலை எண்ணச் சொன்னேன்.

அடுத்த வாரம் வகுப்புக்குள் நுழையும்போதே, "டீச்சர், மூணு இல்ல, ஆறு!" என்றாள். கட்டம் போட்ட கைத்தறித் துணியில் நெடுக்கு நூலுக்கும் குறுக்கு நூலுக்கும் ஒரே மூன்று நிறங்கள்தான். பச்சையும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் முழுப் பச்சை. பச்சையும் மெரூனும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் கலந்த ஒரு மங்கல். பச்சையும் வெள்ளையும் சந்தித்தால் வெளிறிய பச்சை. மெரூனும் வெள்ளையும் சந்தித்தால் இளஞ்சிவப்பு. அப்படி மூன்று தனி நிறம், மூன்று கலப்பு நிறம். நெசவாளி மூன்று சாயத்தில் ஆறு நிறத்தை எடுத்துவிடுகிறார். வலப்பக்கத்தில் அந்த ஆறையும் வரிசையாக, எது எவ்வளவு அகலம் என்ற அளவிலேயே பட்டைகளாகத் தீட்டியிருந்தாள். இப்போது அது தாத்தா கைலி மாதிரியே இருந்தது. இனி எந்தத் துணிக்கும் நிறம் சேர்க்க அவளுக்கு ஒரு கணக்குக் கிடைத்துவிட்டது. அதை அவள் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

நோட்டில் அதன் கீழே எழுதியிருந்தது அதைவிட முக்கியமானது. மலாய்க்காரர்கள் இதைக் காயின் பெலிக்காட் என்கிறார்கள் என்று அலுவலகத் தோழி சொன்னாளாம். பெலிக்காட் என்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே இருக்கும் கடற்கரை ஊர். ஆங்கிலத்தில் புலிக்காட். 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்து, சோழமண்டலக் கரைத் துணிகளை நம் பக்கத்துத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். ஊரின் பெயர் துணியில் ஒட்டிக்கொண்டு இங்கே தங்கிவிட்டது. தமிழர் வீட்டிலும் மலாய்க்காரர் வீட்டிலும் மாலை நேரத்தில் வாசலில் உட்காரும் பெரியவர் இடுப்பில் இருப்பது ஒரே துணிதான்.

தோழி இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். கைலியில் ஓரிடத்தில் மட்டும் கட்டம் மாறி, நிறம் அடர்ந்து ஒரு பட்டை வரும். அதற்கு மலாயில் கெப்பாலா என்று பெயர். கெப்பாலா என்றால் தலை. மற்ற பகுதி பாடான், உடம்பு. இதையும் எழுதி, கைலியின் தலையைத் தனியாக வரைந்து, பக்கத்தில் ஒரு வரி: "தாத்தா இதைப் பின்பக்கம் வரும்படிதான் கட்டுவார். நான் அவர் பின்னாலேயே நடந்து போவேன். அதனால் எனக்கு இந்தப் பட்டைதான் ஞாபகம்."

நான் அந்த வரியை இரண்டுமுறை படித்தேன். பிறகு அவள் நோட்டைப் பின்னால் புரட்டினேன். முதல் வாரத்தில், வேறு எதுவும் கிடைக்காமல், பாட்டி சேலை கட்டுவதை வரைந்து வைத்திருந்தாள். இடது தோளிலிருந்து முந்தானை முதுகில் விழும் படம். அம்புக்குறி போட்டு, பாட்டி சொன்ன சொல்லை எழுதியிருந்தாள்: "தலைப்பு".

"இந்த ரெண்டு பக்கத்தையும் சேர்த்து வாசி" என்றேன்.

வாசித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. சேலையில் மாறி நிற்கும் பகுதி தலைப்பு. கைலியில் மாறி நிற்கும் பகுதி கெப்பாலா. இரண்டு மொழியும் துணிக்குத் தலை இருப்பதாக நினைத்திருக்கின்றன. பாட்டியின் தலைப்பும் முதுகில். தாத்தாவின் கெப்பாலாவும் முதுகுப்பக்கம்.

காட்சிக் குறிப்பேட்டின் பயன் இதுதான். ஒரு பக்கம் தனியாகக் கிடந்தால் வெறும் ஞாபகம். நாலு வாரம் தள்ளி இன்னொரு பக்கம் வந்து அதோடு பேசும்போது ஒரு யோசனை பிறக்கிறது. அது எந்த இரண்டு பக்கம் என்று முன்கூட்டியே யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் நிறையப் பக்கம் வேண்டும், எழுத்தும் வேண்டும். "தலைப்பு" என்ற அந்த ஒரு சொல்லை அவள் எழுதாமல் படம் மட்டும் வரைந்திருந்தால் இது நடந்திருக்காது.

யோசனை வந்துவிட்டது என்று உடனே கத்தரிக்கோலை எடுக்கக்கூடாது. அடுத்த வேலைக்குத்தான் வலப்பக்கங்கள். ஒரே யோசனையைப் பத்துச் சின்னப் படமாக வரைய வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பட்டையின் இடம், அகலம், எத்தனை முறை வருகிறது, நேரா சாய்வா, உடையின் நீளம். இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது நன்மை செய்தது என்று தெரியாமல் போகும்.

அவளுடைய முதல் படத்தில் கைலித் துணியே முழுக் குர்த்தா. "தாத்தா கைலியைக் கழுத்துவரைக்கும் ஏத்திக் கட்டின மாதிரி இருக்கு" என்று அவளே எழுதிவிட்டாள். மூன்றாவதில் பட்டை நெஞ்சின் குறுக்கே. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் தலைவருக்குப் போடும் பட்டை மாதிரி. ஆறாவதில் கீழ் ஓரத்தில். அது ஏற்கெனவே எல்லாக் கடையிலும் இருக்கிறது. ஒன்பதாவதில்தான் முன்பக்கம் முழுக்க வெறும் வெளுக்காத வெள்ளைப் பருத்தியாகி, பட்டை பின்னால் போனது. இடது தோளில் தொடங்கி, முதுகில் இறங்கி, கீழ் ஓரம்வரை. முன்னாலிருந்து பார்த்தால் கழுத்தோரத்தில் மெரூன் பைப்பிங் ஒன்றுதான் தெரியும். திரும்பி நடக்கும்போதுதான் உடை முழுதாகத் தெரியும்.

தாத்தாவின் கைலியை வெட்டுவதா என்ற பேச்சு அப்போது வந்தது. பாட்டியைக் கேட்கலாமா என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவளே இரண்டு நாள் யோசித்துவிட்டு, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் போய்ப் புதுக் கைலிகள் நாலு வாங்கி வந்தாள். தாத்தா கைலியின் ஓரத்தில் ஏற்கெனவே பிரிந்து தொங்கிய ஒரு மெரூன் நூலை மட்டும், பாட்டியிடம் சொல்லிவிட்டு எடுத்து, நோட்டில் ஒட்டிக்கொண்டாள்.

மாதிரி தைக்கும்போது விலை உயர்ந்த துணியைத் தொடாதீர்கள். மலிவான காடாத் துணி போதும். அவள் முதல் மாதிரியில் பட்டையைக் குர்த்தாவின் மேலே வைத்துத் தைத்தாள். மாட்டிப் பார்த்தால் கழுத்து பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனது. பின்பக்கம் இரட்டைத் துணி, கனம் அதிகம், முன்பக்கம் இலேசு. நடக்க நடக்க முன்கழுத்து தொண்டையில் ஏறி நிற்கும். இரண்டாவது மாதிரியில் பட்டையை மேலே வைக்காமல், பின்பக்கத்தை வெட்டி அதன் நடுவே இணைத்தாள். கனம் குறைந்தது. ஆனால் தோள் சரிவில் கட்டங்கள் கோணிக்கொண்டன. மூன்றாவதில் தோளுக்கு உள்ளே ஒரு யோக் கொடுத்துப் பாரத்தைத் தோளில் நிறுத்தி, பட்டையை யோக்கின் நேர்கோட்டில் தொடங்கினாள். கட்டம் நேராக இறங்கியது. கட்டத் துணியில் இதைச் செய்யும்போது கட்டம் பொருந்துவதற்காகக் கூடுதல் துணி ஒதுக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றாள். முதல் கைலி அந்தப் பாடத்துக்கே போனது.

மூன்று மாதிரிகளையும் படம் எடுத்து, கோணிய இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு ஒட்டச் சொன்னேன். வெட்கப்பட்டாள். நான் என் நோட்டைத் திறந்து காட்டினேன். என்னுடையதில் சிவப்பு வட்டம் இல்லாத பக்கம் குறைவு. அடுத்த முறை அதே தப்பில் துணியைத் தொலைக்காமல் காப்பாற்றுவது அந்த வட்டங்கள்தான்.

அடுத்த தீபாவளிக்கு அவள் தனிக்கடை போடவில்லை. அவ்வளவு பணமும் இல்லை. தெரிந்தவர் கடையில் ஒரு கம்பியை மட்டும் வாங்கி 6 குர்த்தா தொங்கவிட்டாள். எல்லாவற்றையும் முதுகுப்பக்கம் தெரியும்படி திருப்பி மாட்டியிருந்தாள். நான் போன மாலையில் ஒரு மலாய்க்கார அம்மா நின்று, பட்டையின்மேல் விரலை ஓட்டினார். "இனி கெப்பாலா, கான்?" என்று கேட்டார். இவள் ஆமாம் என்று சொல்லி, எங்கள் மொழியிலும் சேலையின் இந்த இடத்துக்குத் தலை என்றுதான் பெயர் என்று மலாயில் விளக்கினாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்று வாங்கிக்கொண்டு போனார். விலை கேட்டார், ஆனால் "அங்கே இதே மாதிரி இருக்கே" என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது.

ஆறில் நாலு விற்றன. ஒன்றை அவள் தோழிக்குக் கொடுத்தாள், அந்தச் சொல்லைச் சொன்னதற்காக. ஒன்றை அவளே போட்டுக்கொள்கிறாள். முன்பு போன 2,800 வெள்ளி முழுதும் இன்னும் திரும்பி வரவில்லை. கணக்காய்வு வேலையையும் விடவில்லை. ஆனால் சொந்தமாக ஒன்றும் தோன்றவில்லை என்ற பேச்சை அதன்பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. இப்போது ஓடுவது நான்காவது நோட்டு.

இந்த வாரமே தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி. உங்கள் வீட்டில் வயதானவர் ஒருவர் அன்றாடம் உடுத்தும் துணி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வெட்ட வேண்டாம். அரை மணி நேரம் பாருங்கள். எத்தனை நிறம், எவ்வளவு அகலம், எங்கே நைந்திருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டு அந்தப் பெயரையே எழுதுங்கள். முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும். கண்காட்சிக்குப் போவதென்றால், கோலாலம்பூரில் டத்தாரான் மெர்டேக்காவுக்குப் பக்கத்தில் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. பாத்தேக், சொங்கேட் எல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று அங்கே பார்க்கலாம். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய், ஒரே ஒரு துணியின் முன்னால் உட்கார்ந்து வரைந்துவிட்டு வாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் மேசையில் சருகும் நூலும் சீட்டும் ஒட்டிய நோட்டு கிடந்தால் கேட்காமல் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதில் உங்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் விட்டுப்போயிருக்கலாம். அதைச் சொல்லிக் கொடுக்க உங்களைவிட்டால் ஆள் இல்லை.

அந்தப் பாட்டி இப்போதும் அதைக் குப்பை நோட்டு என்றுதான் சொல்கிறார். ஆனால் அதை எடுத்துத் தன் அலமாரியில், மடித்த கைலிக்கு மேலே வைத்துக்கொள்கிறாராம். சனிக்கிழமை காலையில் இவள் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்கு வர வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம்: கட்டத் துணியைப் பயாஸில் வெட்டும்போது எவ்வளவு துணி கூடுதலாக வாங்க வேண்டும் என்று பார்ப்போம்.